சந்தேகம் சாட்சியாகாது

வீட்டில் நகை காணாமற் போகிறது. வேலைக்கு வந்து போகிறவர் மீது ஐயம் எழுகிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கிறோம். இதுவரை செய்தது முறையே. ஆனால், நாலு தட்டுத் தட்டினால் உண்மை வந்துவிடும் என்று சொல்லி வருகிறோமே, அது நீதியைத் தேடுவதாகுமா? வாசக அன்பர்கள் சிந்திக்க வேண்டும்.

அதிகாரப் பொறுப்பிலிருந்த நபித்தோழர் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களிடம் இத்தகைய வழக்கொன்று வந்தது. தங்கள் பொருள் களவு போயிற்றென்றும், நெசவாளர் சிலர் மீது ஐயமென்றும் ஒரு கூட்டத்தார் முறையிட்டனர். அந்நெசவாளரைச் சில நாள் தடுத்து வைத்த அவர், பின்னர் விடுவித்துவிட்டார். அடிக்காமலே விட்டுவிட்டதாக முறையிட்டோர் குறைபட்டனர். நீங்கள் விரும்பினால் அடிக்கிறேன்; பொருள் அவர்களிடம் கிடைக்காவிடில் அதே அடி உங்கள் முதுகில் விழும் என்று அவர் கூறிவிட்டார். இதுவே அல்லாஹ்வும் அவன் தூதரும் வகுத்த தீர்ப்பென்றும் தெளிவுபடுத்தினார். அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் இந்நிகழ்ச்சி காணப்படுகிறது.

அடித்து வாங்கும் வாக்குமூலத்தின் கொடுமையை நம் மண்ணும் அறியும். டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடி 1845-இல் ஆங்கிலேயர் கைக்கு மாறிச் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. அம்மாகாணத்தில் வரி வசூலுக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் சித்திரவதை நடந்து வந்ததை, அரசு அமைத்த விசாரணைக் குழுவே 1855-இல் உறுதி செய்தது. காவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கலாகாது என்ற விதி 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இடம் பெற்றது. 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அவ்விதி நீடிக்கிறது.

சட்டம் இருந்தும் கொடுமை ஓயவில்லை. 2025 ஜூனில், சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், நகைத் திருட்டுப் புகாரில் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி ஒருவர் காவலர் பிடியில் உயிரிழந்தார். காவலர் ஐவர் கைது செய்யப்பட்டனர். வழக்கு சி.பி.ஐ.யிடம் சென்றது. போன உயிர் போனதுதான்.

கைதானவருக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும். அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேச விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இவை அரசியல் சட்டம் தந்த உரிமைகள். காவலிலிருப்போருக்குச் சட்டப்பணிக் குழுவின் இலவச வழக்கறிஞரும் உண்டு. எளியவர் பலர் இதனை அறியார். அறிந்தவர் எடுத்துச் சொல்வது கடமை.

ஆகவே, புகாரில் கண்டதை மட்டும் எழுதுவோம். ஊகத்தால் ஒருவர் பெயரைச் சேர்க்க வேண்டாம். அடிக்கச் சொல்லி ஒரு வார்த்தையும் வேண்டாம். அவர் குற்றமற்றவரெனில், அந்த அடி யார் முதுகுக்கு உரியது?