கிளட்ச் வழுக்குகிறதா, வழுக்க மறுக்கிறதா?

“கிளட்ச் போய்விட்டது, பிளேட் செட் மாற்ற வேண்டும்.” ஆர்எக்ஸ் 100 காலத்திலிருந்து மெக்கானிக் ஷெட்டுகளில் ஒலிக்கும் தீர்ப்பு இது. அந்த வண்டிகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரியான தீர்ப்பும்கூட. ஆனால் இன்று ஷெட் வாசலில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் பைக்கின் கிளட்ச் வேறு ரகம். 2013இல் கவாஸாகி நின்ஜா 300இல் வந்த ‘ஸ்லிப்பர் கிளட்ச்’, பஜாஜ் டோமினார் 400 (2016), யமஹா ஆர்15 மூன்றாம் பதிப்பு (2018), ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 (2019) என்று படிப்படியாக இறங்கி வந்து, 155 சிசி வண்டி வைத்திருக்கும் கல்லூரி மாணவருக்கும் கிடைத்துவிட்டது. கிடைத்தது என்ன என்பதில்தான் குழப்பம். பெயரிலேயே வழுக்கல் இருப்பதால், எப்போது வழுக்கினாலும் அதுதான் அதன் வேலை என்று ஓட்டுபவர் நினைக்கிறார். எப்போது வழுக்கினாலும் பிளேட் தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக் நினைக்கிறார். இரண்டுமே காசுக்குக் கேடு. சில நேரம் உயிருக்கும்.

வேகமாகப் போகும் வண்டியில் சட்டென்று இரண்டு மூன்று கியரைக் குறைத்துக் கிளட்சை விட்டால், பின் சக்கரம் என்ஜினை அதன் விருப்பத்துக்கு மேல் சுழற்றப் பார்க்கும். என்ஜின் முரண்டு பிடிக்கும். பிரேக் அழுத்தியதால் எடை முழுவதும் முன்னே சாய்ந்திருக்க, பிடிமானம் குறைந்த பின் டயர் இழுபட்டுக் குதிக்கும். கிரேட்டர் நொய்டாவின் புத்த் பந்தயத் தளத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான நேர்பாதை முடியும் இடத்தில் இது நேர்ந்தால், வண்டி விலகி ஓட இடமாவது இருக்கும். மழையில் நனைந்த மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் அந்த வசதி கிடையாது.

இதைத் தடுக்கத்தான் கிளட்சின் ஹப்பும் பிரஷர் பிளேட்டும் சேரும் இடத்தில் சாய்வான பற்கள் வைத்திருக்கிறார்கள். சக்கரத்திலிருந்து எதிர்விசை வந்தால் பற்கள் சரிவில் ஏறி, பிரஷர் பிளேட்டைச் சற்றே விலக்கும். பிளேட்டுகள் கொஞ்சம் வழுக்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ‘அசிஸ்ட்’ வசதியும் சேர்ந்த கிளட்சில், என்ஜின் வண்டியை இழுக்கும்போது எதிர்ப்பக்கச் சரிவுகள் பிளேட்டுகளை மேலும் இறுக்கும். அதனால் மென்மையான ஸ்பிரிங்கே போதும். லிவரை இரண்டு விரலால் பிடிக்கலாம்.

ஆக, வேகம் குறையும்போது வழுக்கினால் வேலை. முறுக்கும்போது வழுக்கினால் கோளாறு. சோதிப்பது எளிது. ஆளில்லாத நேர்ச்சாலையில், மேல் கியரில் மெதுவாகப் போகும்போது முழுதாக முறுக்க வேண்டும். என்ஜின் சுழற்சி மட்டும் தாவி, வண்டி வேகம் எடுக்காவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. உடனே கவரைக் கழற்ற வேண்டியதில்லை. முதலில் கேபிள். லிவர் முனையில் சில மில்லிமீட்டராவது தளர்வு இருக்க வேண்டும் (சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும்). தளர்வே இல்லையென்றால் பிளேட்டுகள் எப்போதும் பாதி விலகியே நிற்கும்.

அடுத்தது ஆயில். அதிகம் ஏமாற்றுவது இதுதான். பைக்கில் என்ஜின் ஆயிலிலேயே கிளட்சும் நனைகிறது. எரிபொருள் மிச்சமாகட்டும் என்று உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால், நல்ல பிளேட்டும் வழுக்கும். டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்று இருக்க வேண்டும். ‘எம்பி’ என்றால் அது ஸ்கூட்டருக்கு.

இரண்டும் சரியாக இருந்தால்தான் பிளேட்டைப் பார்க்க வேண்டும். வெர்னியரால் தடிமனை அளந்து, ஸ்பிரிங்கின் நீளத்தையும் அளந்து, கையேட்டின் எல்லையோடு ஒப்பிட வேண்டும். நீலம் பாரித்த ஸ்டீல் பிளேட் சூடு கண்டது. புதிய உராய்வு பிளேட்டை ஆயிலில் ஊறவைத்த பிறகே போட வேண்டும். இங்கே நடக்கும் பெரிய தவறு, வழுக்கலை நிறுத்தக் கடினமான ஸ்பிரிங் போடுவது. வழுக்கல் நிற்கலாம். ஆனால் சரிவுப் பற்கள் அந்த இறுக்கத்தை மீறிப் பிரஷர் பிளேட்டை விலக்க முடியாமல் போகும். ஸ்லிப்பருக்குக் காசு கொடுத்து வாங்கியவர், தெரியாமலே சாதாரண கிளட்சுக்குத் திரும்பியிருப்பார். அடுத்த கொண்டை ஊசி வளைவில்தான் அது அவருக்குத் தெரியவரும்.

புறப்படும்போது வண்டி உதறினால், பல கிளட்சுகளில் ஓரத்தில் இருக்கும் மெல்லிய கிண்ண வடிவ வளையம் தலைகீழாகப் போடப்பட்டிருக்கலாம். நியூட்ரல் விழ மறுத்தால், கிளட்ச் பாஸ்கெட்டின் விரல்களில் பிளேட்டுகள் வெட்டிய தடங்களைத் தடவிப் பார்க்க வேண்டும்.

கியர் குறைக்கும்போது லிவர் விரலில் லேசாகத் துடிக்கிறது என்று பயந்து வருபவர்களும் உண்டு. சில வண்டிகளில் அது பற்கள் வேலை செய்வதன் அடையாளம். பழுதில்லை. துடிப்பே இல்லாமல் பின் சக்கரம் மட்டும் குதித்தால் டயர் காற்று, சங்கிலித் தளர்வு, பின் ஷாக் அப்சார்பர் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, பற்களின் தேய்மானத்துக்கு வரலாம். ஒன்று, எந்த ஸ்லிப்பரும் எதிர்விசையை முழுதாக விழுங்காது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் முதல் கியருக்குத் தட்டினால் வால்வு வளையத்தான் செய்யும்.

பேட்டரி செத்த காலையில் இன்னொரு புகார் வரும்: “தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகவில்லை.” தள்ளும்போது சக்கரம்தான் என்ஜினைச் சுழற்ற வேண்டும், அந்த எதிர்விசையைத்தான் இந்தக் கிளட்ச் நழுவவிடுகிறது. எல்லா வண்டியிலும் இந்தத் தொல்லை இல்லை. இருக்கும் வண்டியில், நண்பர்களைக் கூட்டி வேர்க்க வேர்க்கத் தள்ளுவதைவிட ஜம்பர் கேபிளைத் தேடுவது நல்லது.