டில்லி - சென்னை விமானம்: தூரம் ஒன்று, கட்டணம் பல

டில்லியிலிருந்து சென்னைக்கு வான்வழித் தூரம் சுமார் 1,760 கிலோமீட்டர். விமானம் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரத்தில் சேர்ந்துவிடுகிறது. ரயில் பாதையிலோ சுமார் 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்கே ஏறத்தாழ 33 மணி நேரம் பிடிக்கிறது. ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தால், கடைசியாக முகம் பார்க்க விமானத்தை விட்டால் வேறு வழியில்லை.

மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளில் கட்டணம் கிலோமீட்டர் கணக்கு. தட்கலுக்கான கூடுதல் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. விமானக் கட்டணத்தை கம்பெனிகளே நிர்ணயிக்கின்றன. கடைசி நேரத்தில் டிக்கெட் வாங்குவோர்தாம் பெரும்பாலும் அதிகம் கொடுக்கிறார்கள். சாவு முன்கூட்டிச் சொல்லிவிட்டா வருகிறது?

வரம்பு விதிக்க அரசால் முடியாது என்பதற்கில்லை. கொரோனாவையொட்டி 2020 மே மாதம், பயண நேரத்தை 7 பிரிவுகளாக்கி மத்திய அரசு கட்டணம் நிர்ணயித்தது. அது 2022 ஆகஸ்ட் வரை நீடித்தது. 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் பெருமளவில் ரத்தானபோது, தூரத்தை வைத்து வரம்பு வந்தது. 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய், வரிகள் நீங்கலாக. டில்லி - சென்னை இந்தப் பிரிவில்தான் சேரும்.

அந்த 18,000 ரூபாயே பல தொழிலாளர்களுக்கு ஒரு மாதச் சம்பளம். ஆகவே நெருக்கடி காலத்தில் மட்டும் வந்துபோகும் வரம்பு போதாது. துக்கத்துக்கும் நோய்க்கும் ஊர் செல்வோருக்காக, ஒவ்வொரு விமானத்திலும் சில இடங்களையாவது தூரக் கணக்கில் நியாயமான கட்டணத்துக்கு ஒதுக்கி வைக்க மத்திய அரசு முன்வர வேண்டும்.