சவலைக்கு அவசரத் தீர்ப்பு

குஞ்சு பொரித்து இரண்டு மூன்று வாரம் ஆனதும் கொல்லைகளில் ஒரு தீர்ப்பு சொல்லப்படுகிறது. பத்துக் குஞ்சுகளில் ஒன்றிரண்டு மட்டும் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவிலேயே நிற்கும். "சவலை, தேறாது. அதுக்குப் போய் தீனிய வீணாக்கணுமா?" அவ்வளவுதான் விசாரணை. எதிர்த்துக் கேட்டால் இயற்கையைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள்: வலுத்தது பிழைக்கும், தாய்க்கோழியே அதைக் கொத்தி விரட்டுகிறதே!

இதில் இயற்கை எங்கே வந்தது? முட்டையைப் பொறுக்கி அடை வைத்தது நாம். பஞ்சாரத்தைக் கவிழ்த்தது நாம். பெரிசு, சிறிசு எல்லாவற்றுக்கும் ஒரே தட்டில் குருணையைக் கொட்டியதும் நாம்தான்.

முட்டையிலிருந்தே பார்ப்போம். பொரிக்கும் குஞ்சின் எடை, முட்டை எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 45 கிராம் முட்டையில் 30 கிராம் குஞ்சு வரும். முதன்முறை முட்டையிடும் வெடைக்கோழியின் 33 கிராம் முட்டையில் 22 கிராம்தான் வரும். இரண்டையும் ஒரே அடையில் வைத்துவிட்டு, ஒன்று சிறுத்துப் பிறந்தது என்கிறோம். இதைவிட மோசமான பழக்கம், கோழி அடையில் உட்கார்ந்த பிறகும் புது முட்டைகளை அடியில் தள்ளிவிடுவது. பொரிக்க 21 நாள் வேண்டும். முந்தியவை பொரித்ததும் தாய் ஓரிரு நாளில் அவற்றைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடும். பிந்திப் பொரித்தது சூடும் போதாமல், ஏற்கெனவே ஓடிப் பொறுக்கப் பழகிவிட்டவற்றோடு தீனிக்கு முட்டி மோத வேண்டும். பல்பு வைத்து வளர்ப்பவர்களிடமும் குறை உண்டு. முதல் வாரம் 35 டிகிரி வரை சூடு தேவை. குளிரில் ஒடுங்கிக் கிடக்கும் குஞ்சு தீனித்தட்டுப் பக்கமே போகாது.

எனக்கு அதிக எரிச்சல் தருவது இரண்டு மாத வாக்கில் நடக்கும் கழிப்பு. சேவல் குஞ்சு பெட்டையைவிட வேகமாகப் பெருக்கும். 'வளராதது' என்று குழம்புக்குப் போகிறவற்றில் பல, சேவலுக்குப் பக்கத்தில் நின்றதால் சிறுத்துத் தெரிந்த நல்ல பெட்டைகள். இன்னும் சில மாதம் பொறுத்திருந்தால் முட்டையிட்டிருக்கும். (முட்டை விலை ஏறிவிட்டது என்று புலம்புவதும் அதே வீடுதான்.) சிறுவிடையும் பெருவிடையும் கலந்து திரியும் கொல்லையில் கேட்கவே வேண்டாம். சிறுவிடை முழுதாக வளர்ந்தாலும் சிறியதுதான்.

தீர்ப்புக்கு முன் செய்ய வேண்டிய விசாரணை பெரிய வேலையில்லை. சாயங்காலம் கோழியை அடைக்கும்போது, குஞ்சின் கழுத்தடியில் தீனி தங்கும் பையைத் தொட்டுப் பாருங்கள். காலியாக இருந்தால் அதற்குத் தீனி கிடைக்கவில்லை. தன்னளவுள்ள இன்னொன்றோடு சேர்த்துத் தனியே விட்டு, குஞ்சுத் தீவனம் வையுங்கள். பை நிறைந்திருந்தும் உடம்பு ஏறவில்லை என்றால் குடலைச் சந்தேகிக்க வேண்டும்: புழுவாக இருக்கலாம், ஈரத் தரையில் பரவும் இரத்தக் கழிச்சலாக இருக்கலாம். அதற்குக் கால்நடை மருந்தகத்துக்குத்தான் போக வேண்டும். 'இயற்கை பார்த்துக்கொள்ளும்' என்று அதைக் கூட்டத்திலேயே விட்டுவைத்தால், அதன் எச்சத்திலிருந்து மற்றவற்றுக்கும் தொற்றும். ஏழாம் நாள் விட வேண்டிய லசோட்டா சொட்டு மருந்தை விடாமல், வெள்ளைக்கழிச்சலில் செத்ததையும் சவலைக் கணக்கில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் என்ன பேச?

எல்லாம் தேறிவிடும் என்று நான் சொல்லவில்லை. அலகு குறுக்கே வளர்ந்து கொத்தவே முடியாதது, தொப்புள் மூடாமல் அழுகி நாறுவது, தனித்தீனியும் மருந்தும் கொடுத்து வாராவாரம் நிறுத்தும் எடை ஏறாதது ஆகியவற்றை இழுத்தடிப்பது கருணையில்லை. காரணம் தெரியாமல் சிறுத்து, பிழைத்து வந்த சேவலை இனவிருத்திக்கு வைக்கவும் கூடாது. ஆனால் முடிவு அதுதான் என்றால், தெரிந்தவர் கையால் ஒரே இழுப்பில் கழுத்தை முறித்து நொடியில் முடித்துவிட வேண்டும். நம்மில் பலர் அதற்கு மனசு வராது என்பார்கள். அவர்களேதான் உயிரோடு அதை வேலிக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு, மறுநாள் "காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு" என்கிறார்கள்.