கூவாகத்து இருட்டில் யாரைக் கூப்பிடுவது?

கொஞ்சம் நீளமான பதிவு. பிடிக்காவிட்டாலும் முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

சித்திரை பிறந்தால் போதும், நம் வாட்ஸ்அப் குழுக்களில் கூவாகம் படங்கள் வரிசையாக வந்து விழும். அழகிப் போட்டியில் மகுடம் சூடியவர் படம் ஒன்று. தாலி அறுத்து அழுகிற முகத்தைக் கிட்டே போய் எடுத்த வீடியோ ஒன்று. கீழே சிரிக்கும் பொம்மைகள். அந்த ராத்திரியில் ஒருவருக்கு அடிபட்டால், நெரிசலில் மூச்சு முட்டினால், நாலு பேர் வயல் பக்கம் இழுத்துக்கொண்டு போனால் என்ன ஏற்பாடு என்று கேட்டு ஒரு வரி நான் பார்த்ததில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு விளக்கம். கூவாகம், உளுந்தூர்பேட்டை பக்கம் ஒரு சிற்றூர். கூத்தாண்டவர் கோயில் சித்திரைத் திருவிழா 18 நாள். பௌர்ணமியை ஒட்டிய இரவில் திருநங்கைகள் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தேர். பிறகு தாலி அறுப்பு, வெள்ளைப் புடவை. நாடெங்கிலும் இருந்து வருகிறார்கள். ஒருபால் ஈர்ப்புள்ள ஆண்களும் வருகிறார்கள். பெருநகரங்களில் இவர்களுக்கென்று இரவு விடுதிகளும் தெருக்களும் இருக்கின்றன. நம் பக்கத்தில் இவர்கள் ஒளியாமல் கூடுவதற்கு வாய்த்தது வருஷத்துக்கு இந்தச் சில இரவுகள்தான்.

"அந்த மாதிரி இடத்துக்குப் போனால் அப்படித்தான் நடக்கும்" என்று சொல்லும் பெரிய மனிதர்களுக்கு இரண்டு வெளிநாட்டுச் சம்பவங்களைச் சொல்கிறேன். 1973 ஜூன் 24, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம். ஒருபால் ஈர்ப்பாளர்கள் கூடும் மாடி மதுக்கடை ஒன்றில் மாடிப்படியிலிருந்து தீ ஏறியது. ஜன்னல்களில் இரும்புக் கம்பி. பின்பக்க வழி தெரிந்த ஊழியர் ஒருவர் இருபது பேர் அளவில் காப்பாற்றினார். வழி தெரியாத 32 பேர் செத்தார்கள். அதன் பிறகும் அவர்களுக்கு இறுதிச் சடங்கு நடத்தப் பல தேவாலயங்கள் மறுத்தன.

2022 அக்டோபர் 29, தென்கொரியாவின் சியோல். ஒருபால் ஈர்ப்பாளர் விடுதிகளும் நிறைந்த இத்தேவான் பகுதியில், நான்கு மீட்டர்கூட அகலமில்லாத ஒரு சந்தில் நெரிசல். 159 உயிர். "இங்கே நசுங்கிச் சாகப் போகிறோம்" என்ற பொருளில் போலீசுக்கு முதல் அழைப்பு போனது ஏறத்தாழ நான்கு மணி நேரம் முன்னதாக. மொத்தம் 11 அழைப்புகள். கூப்பிட்டார்கள், நெரிசலைத் தடுக்கப் போதிய நடவடிக்கை இல்லை.

நமக்குத் தெரியாத கதையா இது? 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் மின்கம்பியில் பட்டு 11 பேர். கூவாகத்திலும் கூட்டம் உண்டு, தேர் உண்டு, இருட்டும் உண்டு. அங்கே கூடுதலாக இன்னொன்றும் இருக்கிறது. ஆபத்து வந்தால் போலீசைக் கூப்பிடவே பயம்.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 2006இல் சென்னையில் ஒரு திருநங்கை காவல் நிலையத்தில் பட்ட கொடுமை தாங்காமல் தீக்குளித்து இறந்தார். மறு ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் அவர் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. திருநர் பாதுகாப்புக்கென்று 2019இல் ஒரு சட்டம் வந்தது. அதன் 18ஆவது பிரிவு, பாலியல் கொடுமைக்கும் அதிகபட்சம் இரண்டு ஆண்டுத் தண்டனை என்றுதான் எழுதியது. இதே குற்றம் ஒரு பெண்ணுக்கு நடந்தால் குறைந்தபட்சமே பத்து ஆண்டு. ஆக, ராத்திரி ஒரு மணிக்கு மானம் போய் நிற்கிறவர் யாரை நம்பி 112க்குப் போன் போடுவார்?

நம் ஊரில் "பாதுகாப்பு ஏற்பாடு" என்றால் திருநங்கைகளைக் கண்காணிப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கண்காணிக்க வேண்டியது செல்போனைத் தூக்கிக்கொண்டு வேடிக்கைக்கும் வம்புக்கும் போகிற ஆண்களை. வழியை மாற்றினால் போதும்; செலவு பெரிதில்லை. நான் கேட்பது இவ்வளவுதான்:

1. விளக்கு. கோயில் வாசலில் மட்டும் போதாது. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து கோயில் வரை, வயல் ஓரப் பாதை முழுதும் வேண்டும். மின்சாரம் நின்றால் ஓட ஜெனரேட்டரும் வேண்டும்.

2. வழி. போக ஒன்று, வர ஒன்று. ஆம்புலன்ஸ் வர ஒரு தடம் எந்நேரமும் காலியாக இருக்க வேண்டும். அதில் ஒரு வளையல் கடைகூடக் கூடாது.

3. ஒரே கட்டுப்பாட்டு அறை. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. திருவிழா அங்கே. அழகிப் போட்டிகளும் லாட்ஜுகளும் விழுப்புரத்தில். இரண்டு கலெக்டர், இரண்டு எஸ்.பி. நடுச்சாலையில் ஒருவருக்கு ஆபத்து என்றால் "அது எங்கள் எல்லை இல்லை" என்று சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

4. லாட்ஜுகள். விழாவுக்கு முன்பே தீயணைப்புத் துறை போய்ப் பார்க்கட்டும். மாடிப்படியில் சாமான் அடுக்கியிருக்கிறதா, மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டா, ஓர் அறையில் எத்தனை பேர் என்று எழுதட்டும். மூன்று மடங்கு வாடகை கேட்டால் ஓர் அறையில் பத்துப் பேர்தான் படுப்பார்கள். தீப்பிடித்தால் நியூ ஆர்லியன்ஸ்தான்.

5. உதவிக் கூடாரம். அதில் திருநங்கைத் தன்னார்வலர்களே உட்காரட்டும். ஒரு செவிலியரும் ஒரு பெண் காவலரும் உடன் இருக்கட்டும். ரத்தத்தை நிறுத்தவும் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கவும் அவர்களுக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுங்கள். கூட்டத்தில் சிக்னல் போய்விடும். தற்காலிக செல்போன் கோபுரமும் வேண்டும்.

6. மருத்துவமனை. முண்டியம்பாக்கமோ உளுந்தூர்பேட்டையோ, அடிபட்டு வருகிறவரிடம் முதல் கேள்வி "எந்த வார்டில் போடுவது?" என்பதாக இருக்கக் கூடாது. "ரத்த சொந்தம் வந்திருக்காங்களா?" என்றும் கேட்காதீர்கள். பெற்ற வீடு துரத்தியதால்தான் பல பேர் அந்தக் கூட்டத்திலேயே ஒரு தாயைத் தேடிக்கொண்டார்கள். அந்தத் தாயின் பேச்சுக்கு ஆஸ்பத்திரியில் மதிப்பு இருக்க வேண்டும்.

"இவர்களுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?" என்று ஒரு மருமகன் கேட்பார், தெரியும். திருவண்ணாமலை தீபத்துக்கு ஆயிரக்கணக்கில் போலீஸ், மருத்துவ முகாம், சிறப்புப் பேருந்து எல்லாம் போகிறது. அதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை. கூத்தாண்டவர் சுற்று வட்டார விவசாயக் குடும்பங்களுக்கும் சாமி. நம் வீட்டு அக்காவும் பேரனும் தேர் பார்க்கப் போகிறார்கள். போட்ட விளக்கு ஆணா பெண்ணா என்று பார்த்தா எரியும்?

உத்தரவு எதுவும் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விரிவான வழிகாட்டுதல் கொடுத்தார். 2022இல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதியே சேர்ந்தது: பால், பாலின சிறுபான்மையினரைக் காவலர் துன்புறுத்தக் கூடாது. திருநங்கையர் நல வாரியம் 2008 முதல் இருக்கிறது. 108 ஆம்புலன்சும் அதே 2008இல் வந்ததுதான். காகிதம் எல்லாம் சரியாக இருக்கிறது. அந்த ராத்திரி அந்த வயல் ஓரத்தில் யார் நிற்கிறார் என்பதில்தான் கோளாறு.

அங்கே நீங்கள் நிற்கலாம். என்னிடம் படித்தவர்களில் காவலர்கள் இருக்கிறீர்கள், செவிலியர் இருக்கிறீர்கள், 108 வண்டி ஓட்டுகிறவர், மின்வாரியத்தில் இருப்பவர், திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் லாட்ஜ் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். கூவாகத்துக்கு வருகிறவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் இல்லை. எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ கேலி தாங்காமல் நின்றுபோன உங்கள் வகுப்புப் பிள்ளைகள்தான். பதிவேட்டில் பெயர் இருந்தது, கூப்பிட்டால் பதில் வரவில்லை. இன்று அவர்கள் கூப்பிடும்போது நீங்களும் பதில் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

வரும் சித்திரைக்கு முன் இரண்டு மாவட்ட கலெக்டருக்கும் மனு போக வேண்டும். மேலே உள்ள ஆறையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறவர்கள் கீழே பெயரும் ஊரும் எழுதுங்கள். சிரிக்கும் பொம்மை போடுகிறவர்கள் வேறு பதிவுக்குப் போகலாம்.

வாழ்த்துகளுடன்,
பெருமுக்கல்லிலிருந்து உங்கள் ஆசிரியர்