மரக்கால் யார் கையில்?

சர்க்கார் ஆபீசுகளில் வேலை நடக்கவில்லை, ஊழியரின் திறமையை அளந்து பார்த்துத்தான் உயர்வு கொடுக்க வேண்டும் என்ற பேச்சு ஓயாமல் கேட்கிறது. அளக்கட்டும்! அளப்பதற்கு உழைப்பவன் என்றும் அஞ்சியதில்லை. களத்திலே நெல்லை அளந்து போட்டவன் அவன்தானே? நம் கேள்வி வேறு. மரக்கால் யார் கையில் இருக்கிறது? அந்த மரக்கால் சரியானதுதானா?

மத்திய சர்க்காரின் மரக்காலையே எடுத்துப் பார்ப்போம். ஆண்டுதோறும் ஊழியரைப் பற்றி மேலதிகாரி மதிப்பீட்டு அறிக்கை எழுதுகிறார். பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். இதில் செய்து முடித்த வேலைக்கு 40 சதவீதம். தனிப்பட்ட பண்புகளுக்கு 30 சதவீதம். அலுவல் திறனுக்கு 30 சதவீதம். வேலையை எண்ணலாம், கோப்புகளைக் கணக்கிடலாம். பண்பை எந்தத் தராசில் நிறுப்பது? சங்கக் கூட்டத்துக்குப் போகிறவனையும், அதிகாரி வீட்டுக்குக் காய்கறி வாங்கிக் கொடுப்பவனையும் ஒரே கண்ணால் பார்ப்பார்களா? அனுபவப்பட்ட தோழர்களுக்கு விடை தெரியும்.

நெடுங்காலம் இந்தக் குறிப்பு இரகசியமாகவே இருந்தது. பாதகமாக எழுதினால் மட்டும் ஊழியருக்குச் சொல்வார்கள். எல்லைச் சாலைத் துறைப் பொறியாளர் ஒருவருக்கு 1993-94ஆம் ஆண்டுக் குறிப்பில் ‘நன்று’ என்று எழுதினார்கள். நல்ல வார்த்தைதான். ஆனால் பதவி உயர்வுக்கு ‘மிக நன்று’ வேண்டுமாம்! உயர்வு போயிற்று. அப்படி எழுதியிருந்த சங்கதியே அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2008 மே மாதம் தீர்ப்பு வந்தது. எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவித்தே தீர வேண்டும், ஆட்சேபம் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்றது கோர்ட்டு. 2009இல் மத்திய சர்க்காரும் அதற்கேற்ப உத்தரவு போட்டது. அறிக்கை கைக்கு வந்த 15 நாட்களுக்குள் ஊழியர் மறுப்பு எழுதலாம்.

கதவு கொஞ்சம் திறந்தது. 2016இல் வாசற்படியை உயர்த்திவிட்டார்கள்! பதவி உயர்வே கிடைக்காமல் தேங்கிக் கிடப்பவருக்கு 10, 20, 30 ஆண்டுகளில் சம்பள நிலையாவது உயரட்டும் என்று ஏற்பட்ட திட்டம் ஒன்று உண்டு. கீழ்நிலை ஊழியருக்கு அதுவரை ‘நன்று’ போதுமானதாக இருந்தது. 7ஆவது சம்பளக் கமிஷன் சிபாரிசுப்படி அதற்கும் ‘மிக நன்று’ வேண்டும் என்றாகிவிட்டது. அதுமட்டுமா? 50, 55 வயதில் மூன்று மாத நோட்டீசில் வீட்டுக்கு அனுப்பும் விதியும் இருக்கிறது. அப்போதும் புரட்டிப் பார்ப்பது இதே அறிக்கைகளைத்தான். ஒரு கையெழுத்தில் ஒரு குடும்பத்தின் அடுப்பு அடங்கியிருக்கிறது.

சரி, வேலை ஏன் தேங்குகிறது? 2021 மார்ச் 1ஆம் தேதிக் கணக்குப்படி மத்திய சர்க்காரின் அனுமதிக்கப்பட்ட இடங்கள் 40 லட்சத்துக்கு மேல். அதில் காலியாகக் கிடந்தவை சுமார் 9 லட்சத்து 79 ஆயிரம். நாம் கட்டிச் சொன்ன கணக்கல்ல இது, பார்லிமெண்டில் சர்க்காரே சொன்ன கணக்கு. ஏறக்குறைய நான்கு நாற்காலியில் ஒன்று காலி! நாலு பேர் சுமையை மூன்று பேர் தூக்கினார்கள். மூட்டை தாமதமாக வந்தது என்று மூன்று பேருக்கும் மதிப்பெண் குறைக்கலாம். நாலாவது ஆளைப் போடாத மந்திரிக்கு மதிப்பெண் போடுவது யார்?

தனி ஆளை விடுங்கள். நிறுவனம் முழுவதும் சேர்ந்து நன்றாக உழைத்தால் என்ன கிடைக்கிறது? ரயில்வேயில் 1979-80 முதல் உற்பத்தித் திறனோடு இணைந்த போனஸ் உண்டு. 2025இல் 78 நாள் போனஸ் என்று பெரிதாக அறிவித்தார்கள். உள்ளே பாருங்கள்: போனசுக்குக் கணக்கிடும் மாதச் சம்பள வரம்பு 7,000 ரூபாய். அதனால் கைக்கு வருவது அதிகம் போனால் 17,951 ரூபாய். 2016இல் சர்க்காரே நிர்ணயித்த குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய். அதைக் கொண்டு கணக்கிட்டால் 46,000 ரூபாயைத் தாண்டும். உழைப்பை அளக்கும்போது நிறை மரக்கால், கூலியை அளக்கும்போது குறை மரக்காலா? பழைய மிராசுதாரின் தந்திரம் அல்லவா இது!

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். மனுவோடு ஒரு மூதாட்டி ஜன்னல் முன்னே நிற்க, உள்ளே அரட்டை அடிக்கிறவனுக்கு நாம் வக்காலத்து வாங்க மாட்டோம். லஞ்சம் கேட்கும் கைக்குச் சங்கம் கவசமாகாது. அந்த மூதாட்டியும் நம் வர்க்கம்தான். அவளுக்கு நேர்மையாக வேலை செய்யும் ஊழியர் கேட்கும் நியாயத்துக்குத்தான் ஊர் துணை நிற்கும்.

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. பண்பைவிட வேலைக்கு அதிக மதிப்பெண் கொடு. அந்தப் பிரிவில் எத்தனை இடம் காலி என்பதை அதே அறிக்கையில் எழுது. காலியிடத்தை நிரப்பு. போனஸ் வரம்பை உண்மைச் சம்பளத்துக்கு உயர்த்து.

தோழர்களே, நாம் செய்ய வேண்டியதும் உண்டு. அறிக்கை கைக்கு வந்தால் மடித்துப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். படியுங்கள். அநியாயம் இருந்தால் 15 நாட்களுக்குள் ஆதாரத்தோடு எழுதுங்கள். எழுதத் தெரியாத தோழருக்குச் சங்க ஆபீசில் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். வழக்காடிப் பெற்ற உரிமை பெட்டிக்குள் கிடந்தால் யாருக்கு லாபம்?