நாடகத்துக்கும் ஒரு படிப்பா?

"பெண் பி.ஏ. முடித்துவிட்டு, மேற்கொண்டு நாடகம் படிக்கப் போகிறாளாம். நடிக்கக்கூடவா சர்வகலாசாலை?" என்று மனத்தாங்கலோடு கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

அந்தக் காலத்தில் நாடகம் கற்கப் பாய்ஸ் கம்பெனிதான், அம்மா. பெயரே சொல்கிறதே, பெண்களுக்கு அங்கே இடமில்லை! 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகளின் மதுரைக் கம்பெனியில் சேர்ந்தபோது டி. கே. ஷண்முகத்துக்கு ஆறு வயது. வாத்தியார் சொல்லச் சொல்லப் பாட்டும் வசனமும் மனப்பாடம். பெண் வேஷமும் பையன்களுக்கே. பின்னாளில் ஔவையாராக வந்து ஊரையே கைகூப்ப வைத்தவரும் அதே ஷண்முகம்தான்.

சுவாமிகள் 1922-ல் காலமானது புதுச்சேரியில். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பிற்பாடு அவர் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி தொடங்கினார்கள். பெண்களும் சேர்ந்து படிக்கலாம்.

என்ன படிப்பார்கள் என்கிறீர்களா? கத்தாமலே கடைசி வரிசைப் பாட்டிக்குக் கேட்கும்படி பேசவே எத்தனையோ நாள் மூச்சுப் பழக வேண்டும். டைரக்ஷன் இன்னும் சிரமம். கூடத்தில் மாமியார், சமையலறை வாசலில் மருமகள். வசனம் ஒன்றுதான். மருமகள் இரண்டடி முன்னே வந்தால் சண்டை. முதுகைத் திருப்பிக்கொண்டால் துக்கம். எது என்று தீர்மானிக்கிறவர் டைரக்டர். அவர் முகமோ மேடையில் தெரியவே தெரியாது!

மேடையை மட்டும் நம்பினால் அடுப்பு எரிவது கஷ்டம்தான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பெண்ணைக் கோபிக்குமுன் அவளோடு ஓர் ஒத்திகைக்குப் போய் உட்காருங்கள். நாடகத்துக்கல்ல, ஒத்திகைக்கு. ஒரே காட்சியைப் பத்தாம் தடவை செய்யச் சொன்னபோதும் அவள் முகம் சுளிக்கவில்லையென்றால், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.