மேம்பாடு காணாத தீவாம்!



சபாவின் செம்பூர்ணாவிலிருந்து படகேறிச் சிப்பாடான் தீவைக் கண்டு வந்தேன் என்றதும், நண்பர்கள் பலர் கேட்ட முதற்கேள்வி, “தங்கும் விடுதி இருக்கிறதா?” என்பதுதான். இல்லை என்றேன். “ஐயோ, இன்னும் மேம்பாடு காணவில்லையா?” என்று தீவுக்காக இரக்கப்பட்டார்கள். என்ன கொடுமை ஐயா இது!

விடுதிகள் அங்கே இருந்தவைதாம். 2004ஆம் ஆண்டு இறுதியில் அரசே அவற்றை அகற்றியது. 2000 ஏப்ரலில் 21 பேர் கடத்தப்பட்டதே காரணம் என்பார் உளர். கடத்தலுக்குப் பின்னும் நான்காண்டுகள் விடுதிகள் நடந்தன என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பவளப்பாறையைக் காக்கவே அகற்றினார்கள். இன்று முக்குளிப்போர் அருகிலுள்ள மாபுல் போன்ற தீவுகளில் தங்கி, அனுமதிச் சீட்டுடன் பகலில் வந்து திரும்புகின்றனர். இதில் என்ன குறை?

அத்தீவு கடலடியிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் எழுந்து நிற்பது. கரையிலிருந்து சில எட்டு நீந்தினாலே பாறைச்சுவர் செங்குத்தாக இறங்குகிறது. கடலாமைகள் நம்மைப் பொருட்படுத்தாமல் கடந்து செல்கின்றன. இத்தகைய இடத்திற்குக் கட்டுமானப் பொருள் ஏற்றிவந்த மிதவைக் கப்பலொன்று, 2006 மே மாதம் பவளப்பாறையில் மோதி அதன் ஒரு பகுதியை நொறுக்கியது. விடுதிகள் போன பிறகும் ‘மேம்பாடு’ விடவில்லை! பாறைபோல் திரளும் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும். நொறுங்கியதை யார் திருப்பித் தருவார்?

இன்னொன்றையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். 2002 டிசம்பரில் அனைத்துலக நீதிமன்றம் இத்தீவை இந்தோனேசியாவுக்கன்றி மலேசியாவுக்கு உரியதெனத் தீர்ப்பளித்தபோது, எந்த விடுதியையும் சான்றாகக் கொள்ளவில்லை. ஆமை முட்டை சேகரிப்பை ஒழுங்குபடுத்திய 1917ஆம் ஆண்டுச் சட்டமும், 1933இல் சிப்பாடானைப் பறவைகள் காப்பகமாக அறிவித்ததும் பெரிதாக எடுத்துக்கொள்ளப்பட்டன. காத்ததால் நமக்குக் கிடைத்த தீவு இது.

நம் மாதிரிக் கட்டுரை நூல்களோ, வெறும் மணல்மேடு வானுயர்ந்த கட்டடங்களாக மாறுவதையே மேம்பாடு என்று பாடம் நடத்துகின்றன. அதை மனனம் செய்து எழுதும் பிள்ளைக்குச் சிவப்பு மையில் ‘நன்று’ வேறு! அவ்வாக்கியத்திற்கு ஏன் மதிப்பெண்? வகுப்பில் சிப்பாடானைச் சொல்லி, “இங்கு விடுதி வேண்டுமா?” என்று வாதம் நடத்திப் பாருங்கள். பெற்றோரே, விடுமுறைக்குச் செல்வதானால் மாபுலில் அறை எடுங்கள். சிப்பாடானில் அறை கேட்டு யாரையும் நச்சரிக்காதீர்கள்.